வயிற்றுக்குள் ஒரு வலை

நாற்பத்திரண்டு நாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன கணக்கு அது. நாற்பத்திரண்டு நாளைக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. முக்கி இழுக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து இன்று பதினேழாவது நாள்தான் ஆகிறது. நாளைக் காலையில் ஊர் ஏரியில் பெரிய வலை இழுக்கப் போகிறார்கள்.

"அப்பா, நாளைக்கு நீ ஏரிக்குப் போவாத" என்றாள் சந்தியா.

"போவாம? தலைக்கயிறு யாரு புடிப்பா?" என்று கேட்டார் அப்பா பிச்சைமுத்து.

கல்வராயன் மலையில் இருந்து ஓடையில் இறங்கும் தண்ணீர்தான் அந்த ஏரியை நிரப்பும். கோடையில் தண்ணீர் வற்றி இடுப்பளவு ஆனதும், ஊரே சேர்ந்து ஒரே வலையாகப் போட்டு மீன் பிடிக்கும். வலையின் ஆழமான பக்கத்துக் கயிறுதான் தலைக்கயிறு. பாரம் முழுக்க அதில்தான். எட்டு வருஷமாக அது அப்பாவின் கையில் இருக்கிறது.

"ஆபரேசன் ஆயிருக்குன்னு சொல்லிட்டா இன்னாவாம்?" என்றாள் அம்மா கமலா.

"சிரிப்பானுங்க. பேரு வெச்சிடுவானுங்க."

அதுவும் உண்மைதான். ஏரிக்கரையில் ஒரே ஒரு தடவை வழுக்கி விழுந்த பொன்னுரங்கம் இன்று வரைக்கும் 'தொப்பு' பொன்னுரங்கம். அவர் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு வந்தது குடலிறக்கம். கிழிந்த டயர் வழியாக உள்ளே இருக்கும் டியூப் பிதுங்குமே, அந்த மாதிரி. அடிவயிற்றில் சதை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் அதை உள்ளே தள்ளி, அந்த இடத்தில் ஒரு சின்ன வலைத்துண்டை வைத்துத் தைத்துவிட்டார். ஊருக்கு அப்பா சொன்னது வேறு. 'சேலத்துல சென்ட்ரிங் வேல.'

"ஒண்ணும் ஆவாது சந்தியா" என்றார் அப்பா. "டாக்டரு ஒரு துண்டு என் கையில குடுத்தாரு. இழுத்துப் பாத்தேன். நம்ம நரம்பு வலை மாதிரியேதான். முறுக்கு இல்லாத ஒத்த இழை. கண்ணுதான் பொடிசு. அதுல அயிரை மீனு கூட நுழையாது."

இதை அவர் டாக்டரிடமே சொல்லியிருந்தார். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி விழப் பார்த்தது.

"என் வலையில பதினஞ்சு கிலோ கட்லா மாட்டிக்கினு இன்னா ஆட்டம் ஆடிச்சி. ஒரு கண்ணு அறுந்துச்சா? டாக்டருக்கு வயித்தப் பத்தித் தெரியும். வலையப் பத்தி எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அப்பா பாயை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

சந்தியா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளும் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நர்ஸ் அக்காவிடம்.

"ஏன்க்கா ஓட்ட ஓட்டயா இருக்கறத வெக்கறீங்க? ஓட்ட இல்லாத துணிய வெச்சா இன்னும் கெட்டியா இருக்குமே?"

"ஓட்டைதான் முக்கியம். சதை வளந்து அந்த ஓட்டை வழியா பூந்து, வலையக் கெட்டியா புடிச்சிக்கும். அதுக்குத்தான் இத்தன நாளு சும்மா இருக்கச் சொல்றோம்" என்றார் நர்ஸ் அக்கா. அந்த நேரம் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அதை இப்போது போய்ச் சொன்னால் அப்பா கேட்பாரா? 'நர்சுக்கு வலையப் பத்தி இன்னா தெரியும்' என்பார்.

கொல்லையில் அம்மா இரண்டு இடத்தில் பீர்க்கங்கொடி போட்டிருந்தாள். இரண்டுக்கும் மூங்கில் நட்டு, அப்பாவின் பழைய வலையைக் கட்டியிருந்தாள். ஒன்று போன மாதம் கட்டியது. அதில் கொடி மூங்கிலையும் வலையையும் சுற்றித் தலைக்கு மேலே ஏறிப் பூத்திருந்தது. இன்னொன்று போன வாரம் கட்டியது. அங்கே கொடியின் இரண்டு பிஞ்சுக் கைகள் மட்டும் வலையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

சந்தியா எழுந்தாள்.

"அப்பா, கொஞ்சம் கொல்லைக்கு வா. வந்து சும்மா நில்லு, போதும்."

அப்பா வந்து நின்றார். சந்தியா புதுப் பந்தலின் வலையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மூங்கிலில் போட்டிருந்த முடிச்சு நழுவி, வலை அவள் கையோடு வந்துவிட்டது. பிஞ்சுக் கொடி மண்ணில் விழுந்தது.

"ஏய், இன்னாடி பண்ற" என்று அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"திரும்பக் கட்டிடறேம்மா."

அடுத்துப் பழைய பந்தலுக்குப் போனாள். முதலில் அங்கே இருந்த முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்தாள். பிறகு வலையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கடைசியில் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கியே பார்த்தாள். பந்தல்தான் ஆடியது. அவள் தலையில் நான்கு மஞ்சள் பூக்கள் உதிர்ந்தன.

"ரெண்டும் ஒன் வலைதாம்ப்பா. அது வந்துடுச்சி. இது ஏன் வர்ல?"

"கொடி ஒவ்வொரு கண்ணுலயும் பூந்து புடிச்சிக்கினு இருக்குது. முடிச்சே வேணாம் இதுக்கு. எப்பிடி வரும்?"

"ஒன் வயித்துல கொடி ஏறி எத்தன நாளு ஆச்சி?"

அப்பா கீழே கிடந்த வலையைப் பார்த்தார். பழைய பந்தலைப் பார்த்தார். அவருடைய கை மெல்ல வேட்டி முடிச்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பதினேழு" என்றார்.

"வலை அறுவாதுப்பா. ஆனா நகந்துடும்."

"டாக்டரு இத இப்பிடிச் சொல்லியிருக்கலாம்" என்று முணுமுணுத்தார் அப்பா. "சரி, நாளைக்குக் கயித்தத் தொட மாட்டேன். முதுகு புடிச்சிக்கிச்சின்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன்."

மறுநாள் ஏரிக்கரையில் திருவிழா மாதிரி கூட்டம். அலுமினியக் குண்டான்கள், பிளாஸ்டிக் கூடைகள், கொக்குகள். அப்பா ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சந்தியா பக்கத்திலேயே இருந்தாள்.

அம்மாவின் சித்தப்பா மகன் தீனதயாளன் வந்து எதிரில் நின்றார். அவர் வாய் எப்போதும் சும்மா இருக்காது.

"இன்னா மாமா, கல்யாணப் பொண்ணு மாதிரி குந்திக்கினு கீற?"

"முதுகு புடிச்சிக்கிச்சுடா."

"சேலத்துல மெத்த மேல படுத்துப் படுத்துப் புடிச்சிக்கிச்சா? அக்காகிட்ட சொல்லட்டா?"

கரையே சிரித்தது. "இன்னாடி சந்தியா, நெசமாவே முதுகா?" என்று அவர் இவள் பக்கம் திரும்பினார்.

சந்தியா வாயில் இருந்த கொடுக்காப்புளியை மெதுவாக மென்றாள். "தெரியாது மாமா."

"சரி, இந்த வருசம் தலைக்கயிறு எனக்கு" என்று தீனதயாளன் தொடையைத் தட்டினார். உடனே அவருக்கு இருமல் வந்தது. இருமும்போது அவருடைய இடது கை சட்டென்று அடிவயிற்றை அழுத்திப் பிடித்தது. இருமல் நின்றதும் கை கீழே இறங்கியது.

சந்தியா மெல்லுவதை நிறுத்தினாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருஷம் அப்பா இருமியதும் இப்படித்தான். அதே இடம். அதே கை.

அவள் அப்பாவின் காதருகே போனாள். "அப்பா, தீனா மாமா இருமறதப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அப்பா. அவருடைய முகம் மாறியிருந்தது.

தீனதயாளன் தண்ணீரில் இறங்கித் தலைக்கயிற்றைத் தோளில் போட்டார். பின்னால் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள்.

அப்பா எழுந்தார்.

"தீனா, கயித்தக் கீழ போடுடா."

"ஏன், இப்ப முதுகு வுட்டுடுச்சா?"

"நான் சேலத்துக்குப் போவல" என்றார் அப்பா. கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்குக் குடலெறக்கம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணிக்கினேன். வயித்துக்குள்ள வலை வெச்சித் தெச்சிருக்காங்க."

இழுக்க நின்றவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் தொப்பு பொன்னுரங்கம் கேட்டார், "வலைக்காரனுக்கே வலை போட்டுட்டாங்களா?"

கரை குலுங்கியது. அப்பாவும் சிரித்தார். "ரொம்ப சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்றார். "பேரு வெக்கறதுன்னா நல்லதா வெய்யிங்க."

தீனதயாளன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே கேட்டார். "வலிச்சிதா மாமா?"

"முதுகுல ஒரு ஊசி. அப்புறம் இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. நாலாம் நாளு நடந்து வந்து பஸ் ஏறினேன். வுட்டு வெச்சாத்தாண்டா ஆபத்து."

தீனதயாளன் கயிற்றைப் பார்த்தார். கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாகச் சந்தியாவைப் பார்த்தார். அவள் மறுபடியும் கொடுக்காப்புளியை மெல்ல ஆரம்பித்திருந்தாள்.

அவர் கயிற்றைப் பின்னால் நின்றவரின் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறினார். அப்பாவின் பக்கத்தில் வேலமரத்தடியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அதான் மாமா" என்றார். "ஒண்ணர வருசமா."