எண்ணிக்கை குறைந்த வானம்

முதல் நாள் எட்டு மணிக்குள் கைபேசிக்கு வந்து சேர்ந்த பதினொரு எண்களில் பத்து நம்பும்படி இருந்தன. பதினாறு, பதினேழு, பதினைந்து. ரமோட்சே அனுப்பியது மட்டும் ஒன்பது.

கொசேகோ அந்த எண்ணைப் பார்த்தபடியே தேநீரை ஒரு வாய் குடித்தாள். மஹலாப்யே விண்மீன் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். பகலில் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் டீச்சர். ஆண்டுதோறும் ஜூலைக் குளிர்காலத்தில், நிலவில்லாத நாட்களில், சங்கம் ஊர்க்காரர்களிடம் ஒரு சின்ன உதவி கேட்கும். ஏழரைக்கு முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். உச்சியில் விருச்சிகம் கொடுக்கை வளைத்துக்கொண்டு கிடக்கும். அதில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையோரம் புதிதாக நட்ட விளக்குகளுக்கு மூடி போடச் சொல்லி நகர சபையிடம் போய் நிற்க அந்த எண்கள் வேண்டும். வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் எண்ணிக்கை குறையும். ரமோட்சேயின் வீடோ வறண்ட ஆற்றுக்கு அப்பால், ஊர் முடிகிற இடத்தில், ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லாத காட்டோரத்தில் இருந்தது. மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கைபேசியில் கூப்பிட்டு, ஊரில் பெரியவர்களை 'ர்ரா' என்று அழைக்கும் மரியாதையோடு கேட்டாள். "ர்ரா, கண்ணாடி போட்டுத்தானே எண்ணினீங்க?"

"ரயில்வேல நாப்பது வருஷம் சிக்னல் பார்த்த கண்ணு, டீச்சர். உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க கண்ணோட சேர்க்காதீங்க."

"மேகம் ஏதாவது?"

"ஜூலையில ஏது மேகம். கொடுக்குப் பக்கம் மட்டும் ஒண்ணையும் காணோம். துணி வச்சுத் துடைச்ச மாதிரி இருக்கு. சுத்தி எல்லாம் பளபளன்னு கிடக்கு."

அவர் பேசும்போது பின்னால் மாட்டுப்பட்டியில் மணிகள் குலுங்கிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு நாய் விடாமல் குரைத்தது. தூசியோ, விறகுப் புகையோ என்று நினைத்துக்கொண்டு அவள் ஒன்பது என்றே குறித்தாள்.

இரண்டாம் நாள் அவரிடமிருந்து ஐந்து வந்தது. அவருக்கு அடுத்த வீட்டிலிருந்த விதவை பதினொன்று அனுப்பியிருந்தாள்; முந்தின நாள் அவள் எண்ணியது பதினெட்டு. மூன்றாம் நாள் ரமோட்சே இரண்டு என்றார், விதவை நான்கு என்றாள், ஆற்றங்கரைக் கடைக்காரர் எட்டு என்றார். கொசேகோ சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஊர் வரைபடத்தில் மூன்று ஊசிகளையும் குத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். ஊருக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக, அவசரமே இல்லாமல், ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. அப்படித் தோன்றியதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பதுபோல, அந்த நினைப்பை ஒருமுறை கடித்துப் பார்த்தாள்.

அன்று தங்கை பொனோலோ கூப்பிட்டாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருந்தாள் அவள். கடைக்குப் பின்னாலேயே வீடு.

"என்னக்கா, உன் சங்கத்துக்காரங்க இன்னும் அண்ணாந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

"நீயும் ஒரு நாள் எண்ணித்தான் பாரேன்."

"எனக்கு எண்ண வேற எதுவுமே இல்லையா? ரெண்டு கல்யாணம், பதினாலு ஜாக்கெட்டு, அத்தனைக்கும் பொத்தான் எண்ணணும். நட்சத்திரத்துக்குக் காஜா எடுத்துத் தர்றவங்க யாராவது வந்தா சொல்லு, அப்ப பார்க்கிறேன்."

"இந்தத் தடவை ஏதோ சரியில்லடீ, பொனோலோ."

"உனக்குத்தான் சரியில்ல. ஞாயித்துக்கிழமை வா. கோழி அடிக்கிறேன். நல்லா சாப்பிட்டுத் தூங்கு."

நான்காம் நாள் ரமோட்சேயிடமிருந்து பூஜ்யம் வந்தது. கொசேகோ கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் எடுத்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் கைபேசியைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டாள். நாய் இல்லை. மாட்டு மணி இல்லை. காற்றுகூட இல்லை. ஒரு பெரிய பஞ்சு மூட்டைக்குள் கைபேசியை வைத்ததுபோல அங்கே எல்லாம் அடைந்துபோயிருந்தது. அந்த அடைப்புக்குள், வெகு அருகில், நிதானமாக ஏதோ ஈரமான சத்தம் வந்துபோய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆற்று மணலில் காரை இறக்கி அவர் வீட்டுக்குப் போனாள். பிற்பகல் மூன்று மணி. வெயிலில் கண் கூசியது. ரமோட்சே முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வை சுற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வைத்த சோளக் கூழ் காய்ந்து வெடித்திருந்தது. அதில் எறும்பு மொய்த்தது. பட்டியில் அவருடைய எட்டு மாடுகளும் ஒரே மூலையில் முழங்கால் மடித்து, நெற்றியைத் தரையில் பதித்துக் கிடந்தன. சாகவில்லை. விலாக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"ர்ரா, ராத்திரியிலேருந்து இங்கேயேவா இருக்கீங்க?"

"கழுத்து பிடிச்சுக்கிச்சு டீச்சர். குனிய வரல."

"உள்ளே போகலாம், எழுந்திரிங்க."

"இங்க நல்லாத்தான் இருக்கு. குளிரே இல்ல, பார்த்தீங்களா? ராத்திரியெல்லாம் கதகதன்னு இருந்துச்சு."

அவள் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கருவிழிகள் அவளைத் தாண்டி மேலே எதிலோ நிலைத்திருந்தன. இமை மூடவில்லை. "பயமா இருக்கா, ர்ரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அவர் யோசித்தார். கணக்குக் கேள்விக்கு விடை தேடுகிற பிள்ளைபோல நேர்மையாக யோசித்தார்.

"இருக்கணும்னு தெரியுது. வரமாட்டேங்குது."

அவள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸை அழைத்து வந்தாள். நர்ஸ் கழுத்தை அமுக்கிப் பார்த்து, பனியில் உட்கார்ந்ததால் வந்த பிடிப்பு, வயசாகிறது என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். கதவைச் சாத்திவிட்டுக் காரை எடுக்கும்போது பின்கண்ணாடியில் பார்த்தாள் கொசேகோ. அவர் நாற்காலியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார், முகம் வானத்தைப் பார்த்தபடி, காலால் தடவித் தடவி.

வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். இந்த ஆண்டு எண்ணிக்கை போதும். தயவுசெய்து இனி யாரும் வெளியே உட்காராதீர்கள். இருட்டினால் உள்ளேயே இருங்கள்.

எட்டு மணிக்கு எண்கள் வந்தன.

யாரும் அவள் செய்தியைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, மூன்று. சங்கத்தில் பெயர் கொடுத்த பதினொரு பேர் மட்டுமல்ல. அவள் கைபேசியில் பெயரே இல்லாத எண்களிலிருந்தும் வந்தன. ஒரு வார்த்தை இல்லை, ஒரு வணக்கம் இல்லை. வெறும் எண். அவள் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதோ கருகும் வாடை வந்தது. சட்டை கருகவில்லை. இடது கைவிரல்கள் இஸ்திரிப் பெட்டியின் அடியில் இருந்தன. எடுத்துப் பார்த்தாள். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தண்ணீரில் பிடித்தாள். வலி வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

நகர சபையில் தெரிந்தவரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. போலீஸ் நிலையத்தில் எடுத்தவன் பொறுமையாகக் கேட்டான். "நட்சத்திரம் காணாமப் போயிருச்சு, அப்படித்தானே மா? யார் பேர்ல புகார் எழுதட்டும்?" அவன் கேலி செய்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கேலி செய்ய முடிகிறவன் ஒருவன் ஊரில் இருக்கிறான். அப்போது கைபேசி அதிர்ந்தது. பொனோலோவிடமிருந்து செய்தி.

ஆறு.

அவ்வளவுதான். கூப்பிட்டாள். மணி அடித்தது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடும்முன் இன்னொரு செய்தி வந்தது.

நாலு.

கொசேகோ சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காரை எடுத்தாள். மணி எட்டரைகூட ஆகவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பேருந்து நிறுத்தத்தில் பெண்கள் அடுப்பு மூட்டிச் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மதுக்கடையில் பாட்டு இரைந்தது. எல்லாம் எப்போதும்போல இருந்ததால் ஒரு கணம் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ரயில் பாதையைத் தாண்டும்போது சரக்கு ரயில் ஒன்று தூரத்தில் ஊதியது. நீளமான ஊதல். முன்சக்கரங்கள் தண்டவாளத்தைக் கடந்ததும் அந்த ஊதல் நடுவில் அறுந்தது. ரயில் ஊதுவதை நிறுத்தியதுபோல இல்லை. அவள் காதுகளை யாரோ இரண்டு உள்ளங்கைகளால் பொத்தியதுபோல இருந்தது.

பொனோலோவின் தெருவில் விளக்குகள் எரியவில்லை. காரின் வெளிச்சத்தில் முற்றங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. ஒவ்வொரு முற்றத்திலும் நாற்காலி. சமையல் ஸ்டூல். கவிழ்த்த வாளி. எதுவும் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய தொண்டையும் வெளிச்சத்தில் மின்னியது. முகம் ஒன்றும் தெரியவில்லை. தொண்டைகள் மட்டும்.

அவள் இறங்கினாள். குளிரே இல்லை. ஜூலை மாதத்தில், மூச்சு புகையாக வரவேண்டிய நேரத்தில், கதகதப்பு. சால்வைக்குள் வியர்த்தது. பாலும் ரத்தமும் கலந்த ஒரு வாடை. கன்று போட்ட கொட்டகையில் வருகிற வாடை.

பொனோலோ தையல் இயந்திரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. விரல்களில் இன்னும் ஊசி இருந்தது. அவளுடைய பின்னல்கள் நனைந்து, கொழகொழத்து, எல்லாம் ஒரே பக்கமாக, நெற்றியிலிருந்து மேல்நோக்கி, வாரிவிட்டதுபோலப் படிந்திருந்தன. புருவங்களும் அப்படியே. இமைமயிரும் அப்படியே.

"பொனோலோ. எழுந்திரு. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"உக்காரு அக்கா."

"உன்னைத் தூக்கிட்டுப் போறேன். கழுத்தைப் பிடிச்சுக்க."

"தூக்க முடியாதுக்கா. அது விடாது." குரலில் ஒன்றுமில்லை. பொத்தான் எண்ணிக்கை சொல்கிற குரல். "அழணும்னு பார்க்கிறேன். நீயாவது அழேன்."

கொசேகோ தங்கையின் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். உடம்பு அசையவில்லை. கால்களை ஊன்றி, பல்லைக் கடித்து, மறுபடி தூக்கினாள். தலை மட்டும் எதிலோ ஒட்டிக்கொண்டதுபோல நின்றது. கழுத்து நீண்டது. அவள் விட்டுவிட்டாள். தங்கையின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழ முயன்றாள். கண்கள் வறண்டிருந்தன.

பிறகு, பார்க்காமல் இருக்க முடியாமல், நிமிர்ந்தாள்.

அடிவானத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் இருந்தன. தெற்கே, வடக்கே, ரயில் நிலையத்துக்கு மேலே, எல்லாப் பக்கமும், ஒரு வளையம்போல. வளையத்துக்கு நடுவே ஒன்றுமில்லை. விருச்சிகம் இல்லை. கேட்டை இல்லை. மூலம் இல்லை. பால் வழிந்ததுபோலக் கிடக்க வேண்டிய ஆகாயகங்கை இல்லை. கறுப்பு. பதினாறு வருடமாக அவள் ஊர்ப் பிள்ளைகளைத் தொலைநோக்கி முன்னால் நிறுத்தி, பயப்படாதீங்க, அங்கே இருக்கிறதெல்லாம் நம்மைவிட்டு ரொம்ப ரொம்பத் தூரம் என்று சொல்லி வந்திருக்கிறாள். அந்தக் கறுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று வழக்கம்போல மனது கணக்குப் போட்டது. மேகத்தின் உயரமா? அதற்கும் மேலா?

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக, கனமாக. மூக்கோரமாக வழிந்தது.

துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை முழுதாக நீளவில்லை. தலைக்கு ஒரு சாண் மேலே, வெறும் இருட்டு இருக்க வேண்டிய இடத்தில், இஸ்திரியில் வெந்த விரல்கள் முட்டி நின்றன. மயிர். ஈரமான, அடர்ந்த, குட்டையான மயிர். அதன் அடியில் தோல். தோலுக்கடியில், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும், மெல்ல ஒன்று துடித்து அடங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.