ஒரு பூனைக்கு ரெண்டு ஊசி

இப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்டு ஒன்றும் செய்வதில்லை. அடுத்தவன் வாசலில் பைக்கை நிறுத்துகிறான், கேட்பதில்லை. அடுத்தவன் மதிலில் போஸ்டர் ஒட்டுகிறான், கேட்பதில்லை. அதுகூடப் போகட்டும். அடுத்தவன் பூனையைப் பிடித்து மடியில் வைத்து ஊசி குத்துகிறார்கள்... அதையும் கேட்பதில்லை!

பொன்னுலிங்கம் அதைத் தன் கண்ணால் கண்டார்.

குழித்துறையில் அன்று மத்தியானம் பிடித்த மழை சாயங்காலமும் விடவில்லை. பூனைக்கு மீனும் சோறும் வைத்து, கவர்மெண்ட் டாக்டர் சொன்ன அளவு இன்சுலினைக் குத்திவிட்டு ஊசியைக் கழுவப் போனார். திரும்பி வந்தால் பூனையைக் காணோம். குடையை எடுத்துக்கொண்டு பின்பக்க மதில்வரை போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ வாடகைக்கு வந்திருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டு வாசல் அடுத்த தெருவில் இருந்ததால் யாரென்று அவர் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

எட்டிப் பார்த்தார். அடுக்களை வராந்தாவில் ஒரு பெண். மடியில் அவருடைய பூனை. முன்னால் காலித் தட்டு. அவள் பூனையின் கழுத்துத் தோலைத் தூக்கி, ஊசியை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ பொம்பள! எனக்க பூனைக்கு என்னத்தக் குத்துற?"

அவள் நிமிர்ந்தாள். நரை ஓடிய தலை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள். மழைச் சாரலும் பல்பு வெளிச்சமும் சேர்ந்து அந்தக் கண்களில் என்னவோ மினுங்கியது... லாரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ மலைப்பாதை இறங்கியவர், ஒருநாளும் பிரேக் பிடிக்காமல் போனதில்லை. இப்போது நாக்கில் தயாராக இருந்த அடுத்த வசவு வழுக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டது. அதனால் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

"ஒங்க பூனையா? இது எனக்க பிரின்சாக்கும். சுகர் உள்ள பூனை, சத்தம் போடாதீங்க. தக்கலை டாக்டர் சொல்லி இன்னைக்குத்தான் ஊசி தொடங்கியிருக்கேன்."

"பிரின்சா! இது தடியன். இவனுக்கு இப்பத்தான் நான் ஊசி போட்டேன்!"

அவள் முகத்தில் இரத்தம் வற்றியது. ஊசி தட்டில் விழுந்தது.

"அய்யோ... எப்போ?"

"இப்பம்னு சொன்னேம்லா! காது கேக்காதா?"

இத்தனை மாதமாக அந்தக் கள்ளப்பூனை ரெண்டு வீட்டிலும் தின்று, ரெண்டு வீட்டிலும் வாளித் தண்ணீரைக் குடித்து, ரெண்டு வீட்டிலும் மெலிந்து காட்டியிருக்கிறது. ரெண்டு பேரும் தனித்தனியே கவலைப்பட்டு, தனித்தனி டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவள் டாக்டருக்கு போன் போட்டாள். உடனே தீனி வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். பூனை மீனை நக்கியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆட்டோவில் ஏறிப் பாதி வழிகூடப் போகவில்லை, அதன் தலை ஆடத் தொடங்கியது. பின்னங்கால் துவண்டது. பொன்னுலிங்கம் ஆட்டோக்காரனை விரட்டினார். பெண்சாதி கண்ணை மூடிய பிறகு வீட்டில் அவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு கிடந்த ஒரே உயிர் அதுதான்.

அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த தேனை விரலில் தொட்டுப் பூனையின் ஈறில் பையத் தேய்த்தாள்.

"அப்பிடியே வாயில ஊத்து!"

"ஊத்தினா மூச்சுக்குள்ள போவும். நான் குவைத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ. சும்மா இரிங்க அண்ணாச்சி!"

"பெரிய நர்ஸ்! ஊரு பூனைக்கெல்லாம் ஊசி போடுத நர்ஸ்!"

அவள் விரல் நிற்காமல் தேய்த்தது. கண்ணாடியில் நீர்... மழையா, வேறா, தெரியவில்லை. ஆட்டோவுக்குள் அடித்த சாரலுக்கு அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவளுக்காக இல்லை, பூனைக்காக.

தக்கலை டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். பூனை கண் திறந்து ஒரு சத்தம் போட்ட பிறகுதான் டாக்டருக்கும் கோபம் வந்தது.

"ஒரு வீடு, ஒரு கை. தின்னத பாத்துட்டுத்தான் ஊசி. போட்டோமா இல்லையாண்ணு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒருநேரம் தவறினா பூனை தாங்கும். ரெட்டிச்சுப் போட்டா தாங்காது. யார் வீட்டுப் பூனைன்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்க."

"எனக்க பூனை" என்றார் இவர்.

"எனக்க பூனை" என்றாள் அவள்.

டாக்டர் எழுதிய சீட்டில் அவள் பெயர் லீலாபாய் என்று இருந்தது. தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தைத் தவறவிட்டவள் என்று ஆட்டோக்காரன் பிறகு சொன்னான். கேட்காமலே சொன்னான். இந்தக் காலத்து ஆட்டோக்காரர்களும் அப்படித்தான்.

மறுநாள் பூனையைத் தேற்றி அனுப்பினார்கள். மல்லுக்கட்டி அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினார். பூனை தின்னவில்லை. மத்தி வைத்தார், அதையே ஊர்ப்பேச்சில் சாளை என்று சொல்லிக் கொஞ்சினார், கெட்ட வார்த்தை சொன்னார்... அது ஜன்னல் வழியே பின்மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தின்னாமல் ஊசி கிடையாது. ஊசி இல்லாமல் எத்தனை நாள் போகும்?

அதற்கு அடுத்த காலை, பூனையை மீன் வாங்கும் ஓலைக் கடவத்தில் போட்டு, தெருவைச் சுற்றி அவள் வாசலில் போய் நின்றார். லாரியைப் பள்ளத்தில் விட்டவன் கயிறு கேட்டு நிற்பதுபோல நின்றார்.

"தின்னமாட்டேங்கு" என்றார், வேறு எங்கோ பார்த்து.

"சோறு வச்சா சுகர் கூடும். உப்பில்லாம அவிச்ச மீனு மட்டும் குடுங்கண்ணு டாக்டர் சொல்லலியா?"

"சொல்லியிருப்பாரு. நான் நம்பேல."

அவள் சிரித்துவிட்டாள். கடவத்துக்குள் இருந்து பூனை தலை நீட்டியது. அவள் வைத்த மீன் தட்டு காலியானது.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அவர் கடவத்தோடு வருவார். அவள் மீன் வைப்பாள், அவர் பிடிப்பார், அவள் குத்துவாள். "போட்டாச்சு" என்று அவள் சத்தமாகச் சொல்லவேண்டும். "போட்டாச்சு" என்று அவரும் சொல்லவேண்டும். இது அவர் வைத்த சட்டம். அவருக்கு இந்த உலகத்தில் அவள் உட்பட யார்மேலும் நம்பிக்கை கிடையாது.

"மருந்தக் குலுக்காதீங்க அண்ணாச்சி! உள்ளங்கையில வச்சு உருட்டுங்க... அய்யோ, இது என்ன ஊசி?"

"கடையில விலை கம்மியா கெடச்சு. ஊசியில என்ன இரிக்கு?"

"இது மனுசருக்குள்ளது. கோடு வேற, அளவு வேற. இதுல எடுத்தா கணக்கு மாறிப் போவும். மறுபடியும் கொல்லப் பாக்குதியளா?"

"மொதல்ல கொல்லப் பாத்தது ஆரு?"

சண்டை முடிந்தபின் பால் விடாத கட்டஞ்சாயா வரும். இனிப்பு சரியாக இருக்கும். அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது.

பூனைக்கு உடம்பு தேறியது. தண்ணீர் குடிப்பது குறைந்தது. டாக்டர் இரத்தம் பார்த்தார், அளவைக் குறைத்தார், திரும்பவும் பார்த்தார். அடுத்த மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஊசி வேண்டாம். சில பூனைக்கு இப்பிடி அடங்கும். திரும்ப வந்தாலும் வரும், கவனிச்சுக்கிடுங்க. யாரு வீட்டுலயும் இருக்கலாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் பொன்னுலிங்கம் பூனைக் கடவத்தை மடியில் இறுக்கி வைத்திருந்தார். அவள் வாசலில் இறங்கியதும் வெடித்தார்.

"வந்த சுகர் போவுமா? எந்த ஊருல போயிருக்கு? அந்த ஆளுக்கு ஒண்ணும் அறிஞ்சூடாது!"

"இரத்தத்துல இல்லண்ணு காட்டினாருல்லா?"

"மிஷினு பொய் சொல்லும்!"

அவள் படியில் நின்றாள். மழை ஓட்டிலிருந்து நூலாக இறங்கியது. அந்தக் கண்கள் இப்போது அவரைப் பார்க்கவில்லை... முந்தானை நுனியைப் பார்த்தன.

"இனி காலையில எழும்பி வரண்டாம். ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்... அண்ணாச்சி."

அவருக்கு உச்சந்தலையில் ஏறியது.

"அண்ணாச்சி, அண்ணாச்சி! ஆருக்கு ஆரு அண்ணாச்சி? இனி என்னை அப்பிடி விளிக்காத!"

அவள் திடுக்கிட்டாள். "பின்ன... எப்பிடி விளிக்க?"

"எனக்குப் பேரு இல்லையா? இத்தன நாளும் நான் பூனைக்குத்தான் வந்தேன்னு நெனச்சியா? எனக்குப் பூனையே புடிக்காதுட்டி! மொதல்ல அது எனக்க பெண்சாதிக்க பூனை. பொறவு... ஒனக்க பூனை. நான் வந்தது..."

வாக்கியம் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது.

லீலாபாய் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக, சோதித்துப் பார்ப்பதுபோல, மெல்லச் சொன்னாள்:

"பொன்னுலிங்கம்... நாளைக்கு வருவியளா?"

"வராம? டாக்டர் பேச்ச நம்பி விட முடியுமா? காலையில வந்து பாக்கணும். சாயங்காலமும் பாக்கணும்."

"எத்தன நாளைக்கு?"

"எனக்குச் சந்தேகம் தீருற வரைக்கும்!"

அவள் சிரித்தாள். அவர் குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வந்த சுகர் போகுமாம்... அதை ஒரு டாக்டர் சொல்வானாம். பொம்பள சிரிப்பை மட்டும் நம்ப முடியுமா? பேரைச் சொல்லிவிட்டால் ஆகிவிட்டதா? காலையில் கட்டஞ்சாயா எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

தெருமுனை திரும்பும்போதுதான் கையில் கடவம் கனமில்லாமல் ஆடுவது தெரிந்தது. பூனை அவள் வீட்டில். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு காலிக் கடவத்தை ஆட்டிக்கொண்டே, ஒன்றையும் நம்பாதவராக, மழைக்குள் நடந்தார்.