கழுவாத கூடை

பட்டினச்சேரியில் அன்று காலை மழை, தூறுவதா கொட்டுவதா என்று முடிவு செய்யாமல் பெய்துகொண்டிருந்தது. படகிலிருந்து இறக்கி மீனைக் கொட்டிய கூடைக்குள் பஞ்சுக்குச்சியை நீட்டப் போன பாரதியை ஒரு குரல் நிறுத்தியது.

"மீனு வேணும்னா கேளுங்க. வெறுங்கூடைக்குள்ள என்ன தேடுறீங்க?"

நிமிர்ந்தாள். உப்புக் காற்றில் சிவந்த கண்கள்... மழைத்துளி விழுந்தும் இமைக்காத கண்கள். படகுக்காரன் கார்முகில். ஆராய்ச்சிக்கு வந்தவள் கவனிக்க வேண்டிய விஷயமில்லைதான். கவனித்துவிட்டாள்.

வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி, மீன் இறங்கும் துறைகளில் எப்படிப் பிழைத்துப் பரவுகிறது என்று ஆராய்வதாகச் சொன்னாள். யார் பெயரும் வெளியே வராது என்றும் சொன்னாள். அவன் சிரித்தான். அழுக்குக் கூடையை ஒரு பெண் கையில் கொடுப்பது மரியாதையா? அவள் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் முகத்துவாரத்துத் தண்ணீரை மொண்டு அலசி, பளபளவென்று நீட்டினான். உப்புத் தண்ணீரில் எந்தக் கிருமியும் நிற்காது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கிருமிக்கு மட்டும் தெரியவில்லை. அலசிய கூடையைத் துடைத்தெடுத்த பஞ்சை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது சால்மொனெல்லா இருந்தது. சொல்லாமல் விட்டால் அவன் சிரிப்பு மிஞ்சும்... சொன்னால் போய்விடும். அந்த மீனைத் தின்பவர்களை நினைத்துக்கொண்டு, சொல்லிவிடுவதென்று பாரதி பட்டினச்சேரிக்குப் பஸ் ஏறினாள்.

"எங்க மீனச் சாப்ட்டு ஒருத்தரும் படுத்ததில்லங்க." அவன் முகம் சுண்டிப்போயிற்று.

மீனைச் சொல்லவில்லை, அலசிய தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன் என்றாள். ஒத்துப்பார்க்கக் கழுவாத கூடை ஒன்று கேட்டாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை உதறினான். முகத்துவாரத்துத் தண்ணீரை மட்டும் ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

பிறகு வேறு துறைகளுக்குப் போனாள். எல்லா இடத்திலும் கூடைகள் இருந்தன. அந்தக் கண்கள் இல்லை. வேலையைப் பார் என்று மனசைக் கண்டித்தாள். கேட்டால்தானே.

தண்ணீரிலும் அதே கிருமி என்று தெரிந்ததும், சொல்ல வேண்டுமே என்ற சாக்கில் மறுபடி பட்டினச்சேரிக்கு வந்தாள். அன்றும் மழை. கார்முகில் படகடியில் நின்றான். காலடியில் ஒரு கூடை... செதிளும் ரத்தமுமாக, நாறிக்கொண்டு.

"கழுவல," என்றான். "நீங்க வந்தா குடுக்கணும்னு தெனம் ஒரு கூடைய இப்படியே வச்சிருந்தேன். அன்னிக்கு உங்களுக்காகத்தான் கழுவுனேன்... அதுவே வெனையாப் போச்சு."

வினை தண்ணீரில்தான் என்று அவள் சொன்னாள். மற்ற கூடைகளை அன்றிலிருந்தே குழாய்த் தண்ணீரில்தான் அலசுகிறானாம். கோபம் தீருவதற்கு முன்பே அவள் பேச்சைக் கேட்டிருக்கிறான்.

"அந்தக் கிருமி சோறு தண்ணி இல்லாம எவ்ளோ நாளு உசுரோட இருக்கும்?"

"காஞ்ச எடத்துலகூட மாசக்கணக்குல தாங்கும்."

"எனக்கு அந்தத் தெம்பு இல்லங்க. நீங்க வராத இந்தக் கொஞ்ச நாளே தாங்கல."

அவள் பஞ்சுக்குச்சியைப் பிரித்தாள். கூடையைத் துடைத்தெடுத்து, குச்சியைச் சோதனைக் குழாயில் போட்டு மூடிய பிறகுதான் பாரதி அவனைப் பார்த்தாள்.

"கூடைக்கு முடிவு சொல்ல நாளாகும். உங்களுக்கு இப்பவே சொல்றேன்... எனக்கும் தாங்கல."