ஆன்ட்டி என்ன சொல்றாங்க?

பசி.

காலையில் தாராவியில் குடித்த அரை கிளாஸ் 'கட்டிங்' சாயோடு சரி. சுடலைக்கண்ணனின் குடல் அதற்கப்புறம் எதையும் பார்க்கவில்லை.

செம்பூர் ஹோட்டலில் சக்கர நாற்காலிப் பயணிகள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், நாற்காலி தள்ளுகிறவனுக்கு இலை. இப்போதுதான் சோற்றில் கை வைத்தான்.

"ஐயோ... என் மோதிரம்!"

வாஷ்பேசின் பக்கமிருந்து அலறல்!

அலறியவர் பிரம்மநாயகம். நடக்க முடியாதவர்களுக்கென்றே 'மும்பை தரிசனம்' நடத்தும் கம்பெனியின் முதலாளி. கை கழுவக் கழற்றி வைத்த கோமேதக மோதிரம்... காணோம்!

சோறு ஆறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணா. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"நாற்காலி தள்ற ஆளு யாரு?"

"நாந்தான் சாப்."

"எங்க இருக்கே?"

"தாராவி."

பளார்!

விலாசமே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

"க்யா ரே... மோதிரம் எங்க?"

"சத்தியமா நா எடுக்கல சாப்! சோத்துல வச்ச கை அப்படியே இருக்கு, பாருங்க!"

"அவனை விடுங்கோ. நான்தான் எடுத்தேன்."

சக்கர நாற்காலியிலிருந்து குரல். விஜயலக்ஷ்மி மாமி. மாட்டுங்காவாசி. பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

கிருஷ்ணா மாமியைப் பார்க்கவே இல்லை. சுடலையிடம் கேட்டார்.

"ஆன்ட்டி என்ன சொல்றாங்க?"

"அவுகதான் எடுத்தாகளாம், சாப்."

பளார்!

"முடியாதவங்க மேலயே பழி போடறியா?"

"ஹலோ! எனக்குக் கால்தான் வராது... வாய் நன்னாவே வரும்! நான்தான் எடுத்தேன்!"

"பயந்துட்டாங்க போல. ஆன்ட்டிக்குத் தண்ணி குடு ரே."

சுடலைக்குக் கண்ணீர் முட்டியது. திருட்டுப் பட்டம் விழுந்தால், அப்புறம் எந்தக் கம்பெனி அவனை வாசலில் நிறுத்தும்?

"நட ஸ்டேஷனுக்கு!" சட்டைக் காலரைப் பிடித்தார் கிருஷ்ணா.

மாமி சக்கரத்தை உருட்டினார். நேராக... கிருஷ்ணாவின் பூட்ஸ் மேல்!

"ஆ!"

"இப்பவாவது குனிஞ்சு பார்த்தேளே! இதோ!"

மாமியின் கட்டைவிரலில் கோமேதகம்!

இத்தனை நேரமும் அங்கேதான் இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

கிருஷ்ணா விழித்தார். "இவன்தான் உங்க விரல்ல மாட்டிவிட்டானா?"

"எனக்கு மோதிரம் மாட்டினவர் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷமாச்சு. இவன் மாட்டினா அது வேற கேஸ்! மேல கேமரா இருக்கு, பாருங்கோ."

பார்த்தார்.

திரையில் மாமியின் கை. மோதிரம். வேறு யாருமில்லை.

"ஏன் ஆன்ட்டி?" முதல் தடவையாக மாமியிடமே கேட்டார்.

"நாற்காலியோட ஈர மணல்ல இறக்குவோம், கடல்ல கால் நனைக்கலாம்னு சொல்லி இந்த மனுஷர் அழைச்சுண்டு வந்தார். வேன் கண்ணாடி வழியா காட்டிட்டு, 'ஜூஹு பீச் முடிஞ்சுது'ங்கறார்! கத்தினேன். போலீசுக்கும் போன் பண்ணேன். ஒருத்தர் வரலை. மோதிரம்னதும் ஓடி வந்துட்டேள்! போடுங்கோ கேஸை. கோர்ட்ல எல்லாத்தையும் சொல்றேன்."

பிரம்மநாயகத்துக்கு வியர்த்தது. "கேஸெல்லாம் எதுக்கு சார்... மாமி, மோதிரத்தக் குடுத்துருங்க!"

"முதல்ல கால் நனையட்டும்."

"...வேன எடுக்கச் சொல்லுதேன்."

கிருஷ்ணா தொப்பியைச் சரி செய்தார். சுடலையின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு மாமியிடம் குனிந்தார்.

"அவன்கிட்ட ஸாரின்னு சொல்லிடுங்க ஆன்ட்டி."

"ஏன், அவனுக்குக் காது கேக்காதா? நேரா சொல்லுங்கோ!"

கிருஷ்ணாவின் போன் அடித்தது. "ஹாங் சாப்... இதோ வந்துட்டேன் சாப்!" ஜீப் கிளம்பியே விட்டது!

சுடலை கன்னத்தைத் தடவினான். "பரவால்ல, விடுங்கம்மா."

"என்னடா பரவால்ல? அறை ரெண்டும் ரொக்கமா குடுத்துட்டு, ஸாரியை மட்டும் கடன் வெச்சுட்டுப் போறார்!"