அட்மின் நிறுத்திய கவிதை!

செல்போன் அலறியது!

ஜலஜா தோசைக்கல்லை விட்டு நகரவில்லை. அலறட்டும். ஸ்வப்னாவாகத்தான் இருக்கும்!

நேற்று மாலையும் அவள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஜலஜா எடுக்கவில்லை. எதற்கு என்று தெரியும்... 'என் கவிதை இன்னும் வரலையே, ஆன்ட்டி?'

ஆன்ட்டி!

ஜலஜா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். 'யமுனை மேடை' இணையக் குழுவின் அட்மின். டெல்லியின் மூலை முடுக்கிலெல்லாம் தமிழில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சிச் சேர்த்து, சண்டை விலக்கி, அந்தக் குழுவைக் கட்டி நிறுத்தியவள்.

அவளா ஆன்ட்டி!

"ஜலஜா! போன் கத்தறதுடி!" ஹாலிலிருந்து கணவர் பட்டாபி.

"கத்தட்டும்!"

"புது நம்பரா இருக்கு..."

எடுத்தாள்.

"ஜலஜா மேடமா? இன்ஸ்பெக்டர் ஆல்பர்ட். துவாரகாவுலேர்ந்து பேசறேன். ஸ்வப்னாவைத் தெரியுமா?"

"தெ... தெரியும்."

"நேத்து சாயந்திரம் மூணாவது மாடி பால்கனியிலேர்ந்து விழுந்துட்டாங்க. கீழ நின்ன கார் மேல... நிறைய ரத்தம். அவங்க கடைசியா கூப்பிட்டது உங்களைத்தான். நீங்க எடுக்கல. இப்ப அவங்க..."

"ஐயோ!"

போன் கை நழுவியது. லைன் செத்தது.

தோசை கருகியது.

ஜலஜா அப்படியே சுவரில் சாய்ந்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். அது வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது.

'இந்த வருஷக் கவிஞர் விருது இனி அவளுக்கில்லை.'

சீ! என்ன மனசு இது! தனக்குள் இப்படியொரு பெண் குடியிருப்பது தெரிந்து அவளுக்கே உடம்பு கூசியது. கூசி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

'வேற யாராவது முந்தி அஞ்சலி போட்டுடுவாளோ?'

அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். 'பாதியில் அணைந்த விளக்கே...' என்று தொடங்கி மூன்று பத்தி. பதிவிட்டாள்.

இதயங்கள் குவிந்தன! அவள் எழுதிய எதற்கும் இவ்வளவு வந்ததில்லை. குழுவே விழித்துக்கொண்டது. ஆளாளுக்கு அஞ்சலி... அஞ்சலிக்கு மேல் அஞ்சலி!

அப்போதுதான் ஜலஜாவுக்கு அழுகை வந்தது. எதற்காக என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

* * *

பட்டாபி காபி டம்ளரை நீட்ட, ஆல்பர்ட் வாங்கிக்கொண்டார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் அவருடைய உயரம் மின்விசிறியைத் தொட்டுவிடும் போலிருந்தது.

"போனை வெச்சிட்டீங்க மேடம். திருப்பிக் கூப்பிட்டா பிஸி... பிஸி!"

"மன்னிச்சுக்கோங்க. அதிர்ச்சி..."

"அச்சா. அதிர்ச்சியில டைப் நல்லா வருது போல."

ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தானா விழல மேடம். இடுப்பு உயரக் கிரில். உள்ளே மேஜையில ரெண்டு டீ கப். கூட யாரோ இருந்திருக்காங்க."

"அந்த அபார்ட்மென்ட் சொசைட்டியில கேமரா இருக்குமே?"

"இருக்கு. ஓடாது. கேட்ல நிக்கிற செக்யூரிட்டி பையாவுக்கு வர்றவன் போறவன் எல்லாம் டெலிவரிக்காரன்தான்." அவர் தன் போனை நீட்டினார். "உங்க குழுவுல இருக்கிற ஆள்னுதான் எனக்குத் தோணுது. ஊர்ல அவங்களுக்கு வேற பழக்கமே இல்ல. இந்த அஞ்சலியெல்லாம் படிச்சுச் சொல்லுங்க."

"நீங்களே படிக்கலாமே?"

"பொறந்தது கரோல் பாக், படிச்சது ஹிந்தி மீடியம். எங்கம்மா திட்டற தமிழ்தான் வரும். எழுத்து வராது."

ஜலஜா படித்தாள். விளக்குகள் அணைந்தன. மலர்கள் உதிர்ந்தன. நட்சத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"இவங்க யாருக்கும் வேற பொருளே கிடைக்காதா?" என்றார் ஆல்பர்ட்.

பட்டாபி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"அடுத்தது ஹரிஷங்கர். மோதி பாக்ல இருக்கார். மூணு வருஷமா 'ஆண்டின் கவிஞர்' விருது அவருக்குத்தான்."

"விருது எப்படி?"

"யாருக்கு அதிக இதயம் விழறதோ அவருக்கு. இன்னிக்கு ராத்திரியோட கணக்கு முடியறது. இந்த வருஷம் ஸ்வப்னா அவரைத் தாண்டிட்டா..."

"உங்களுக்கு எத்தனை தடவை கிடைச்சிருக்கு?"

"எனக்கா..." போன் திரையைத் துடைத்தாள். "இல்ல."

"படிங்க."

"'எதிலும் எனக்கு யாருமில்லை, இருந்தும் கையசைக்கிறேன் என்று உன் கடைசிக் கவிதையில் விடைபெற்றாயே, தங்கையே...'"

படிப்பதை நிறுத்தினாள்.

அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"என்னாச்சு மேடம்?"

"ஒ... ஒண்ணுமில்ல. கண்ணு கலங்கிடுத்து."

பொய்!

அந்த வரி அவளுக்கு மனப்பாடம். நேற்று மாலை அனுமதி கேட்டு வந்திருந்த கவிதை அது.

'ஒவ்வொரு விமானமும்
என் கூரையை உரசியே இறங்குகிறது.
எதிலும் எனக்கு யாருமில்லை.
இருந்தும் கையசைக்கிறேன்.'

நான்கே வரி! அவள் இத்தனை வருடம் எழுதியதையெல்லாம் அந்த நான்கு வரி ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டது. 'யமுனை மேடை'யில் எந்தக் கவிதையும் அட்மின் அனுமதித்தால்தான் வெளியே தெரியும். ஸ்வப்னாவுடையது வந்தால் எல்லோரும் ஆபீசில் தலைநிமிர முடியாத நேரமாகப் பார்த்துத்தான் வெளியிடுவாள். இதை அதுவும் செய்யவில்லை. கணக்கு முடியட்டும் என்று அமுக்கி வைத்தாள்.

இன்னும் அமுங்கித்தான் கிடக்கிறது!

யாருமே பார்க்காத கவிதை... ஹரிஷங்கருக்கு எப்படித் தெரியும்?

ஆல்பர்ட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த வரியைத் தாண்டிப் போனால் கேட்க ஆளில்லை. சொன்னால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். குழு கேட்கும். இவ்வளவு காலம் கட்டிய பெயர் ஒரே பகலில் காலி. சொல்லாவிட்டால்...

மூன்றாவது மாடி. இடுப்பு உயரக் கிரில்.

"இன்ஸ்பெக்டர் சார்!" குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்த வரி அவருக்குத் தெரிஞ்சிருக்க முடியாது. இந்தக் கவிதையை நான் இன்னும் வெளியிடவே இல்ல."

ஆல்பர்ட் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் வெளியிடல?"

"பொறாமை."

சமையலறை வாசலில் பட்டாபி கரண்டியோடு நின்றார்.

"நல்லாருந்தது சார். ரொம்ப நல்லாருந்தது. அதான்."

ஆல்பர்ட் போனில் இந்தியில் இரண்டு வார்த்தை பேசினார். மோதி பாக் என்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஸ்வப்னா போனைப் பார்த்தாச்சு. நேத்து அவங்க அனுப்பினது உங்க குழுவுக்கு மட்டும்தான். அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல!"

* * *

"சொல்லுங்க மேடம்!" ஹரிஷங்கரின் குரல் துக்கத்தில் பதமாக ஊறியிருந்தது. "உங்க அஞ்சலி அருமை! அருமை!"

"உங்களுதும் அருமை சார். அந்தக் கடைசிக் கவிதை... எங்க படிச்சீங்க?"

"என்ன கேள்வி இது? நம்ம மேடையிலதான்! நேத்தே இதயம் போட்டுட்டேனே!"

ஜலஜா கண்ணை மூடிக்கொண்டாள். இவர்கள் யாரும் யாருடையதையும் தேடிப் படிப்பதில்லை. படித்ததாகச் சொல்வார்கள். அவளும்தான்.

"அது மேடைக்கே வரல, ஹரி சார்."

"வ... வரலையா?"

"நான் அனுமதிக்கல."



"இல்லையே... 'அனுப்பிட்டேன் சார், ராத்திரிக்குள்ள எல்லாரும் படிச்சிடுவாங்க'ன்னு அவதான்..." சட்டென்று நின்றார்.

"எப்ப சொன்னா? டீ குடிச்சப்பவா?"

"மேடம்..."

"என்ன பண்ணினீங்க, சார்?"

"சிரிச்சா மேடம்!" குரல் உடைந்தது. "இந்த வருஷம் ஒதுங்கிக்கோம்மா, எனக்கு அதை விட்டா வேற ஒண்ணுமில்லைன்னு கெஞ்சினேன். பால்கனியில நின்னு போனை நீட்டிப் படிச்சுக் காட்டி... 'இது எப்படி சார்?'னு சிரிச்சா. நல்லாருந்தது மேடம்! அதுதான் தாங்கல! கை... கை தானாப் போயிடுச்சு. ஏன், உங்களுக்குப் பொறாமையே கிடையாதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க!"

ஜலஜா நெஞ்சைத் தொடவில்லை. தொடாமலே தெரிந்தது.

"உண்டு சார். நான் அமுக்கினது கவிதையை. நீங்க ஆளையே தள்ளிட்டீங்க."

அந்தப் பக்கம் காலிங் பெல் அடித்தது. விடாமல் அடித்தது.

"ஜல்தி திறங்க, ஹரி சார்!" ஆல்பர்ட் போனருகே குனிந்தார். "இது நிஜமாவே டெலிவரி இல்ல!"

* * *

"கொலைக்கேஸ்... தூக்கா சார்?" பட்டாபி கேட்டார்.

"கொலையா? யார் செத்தாங்க?"

ஜலஜா விழித்தாள். "ஸ்வப்னா..."

"நான் எப்ப சொன்னேன்? 'இப்ப அவங்க ஐசியூவுல நினைவில்லாம இருக்காங்க'ன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள போனைப் போட்டுட்டு அஞ்சலி எழுதப் போயிட்டீங்க! டில்லியில இருக்கிற அத்தனை கவிஞரும் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குக் கேட்கல. தள்ளினவனும் அவங்க செத்துட்டாங்கன்னு நம்பி நிம்மதியா எழுதட்டும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

ஜலஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை எதற்காக அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

போனை எடுத்து, அமுங்கிக் கிடந்த நான்கு வரிகளை முதலில் வெளியிட்டாள். அதன் கீழே எழுதினாள்: 'ஸ்வப்னா உயிரோடிருக்கிறாள். நேற்றே வந்த கவிதை இது. பொறாமையால் நான்தான் நிறுத்திவைத்தேன். ஜலஜா.'

* * *

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி வார்டு. தலையில் கட்டு, இடது காலில் மாவுக்கட்டு. தலையணையில் சாய்ந்து ஸ்வப்னா போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாக்குமூலம் வாங்க வந்த ஆல்பர்ட்.

"என்னை மன்னிச்சிடும்மா..." ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஆன்ட்டி. நீங்க அமுக்கி வெச்சதாலதானே அந்த ஆளு மாட்டினாரு!" ஸ்வப்னா மெல்லச் சிரித்தாள். "உங்க அஞ்சலியை இப்பத்தான் படிச்சேன். எனக்காக இவ்வளவு உருகினீங்களா?"

ஜலஜாவின் முகம் மலர்ந்தது. "பிடிச்சிருந்ததா?"

"ம்ம்... ரெண்டாவது பத்தி கொஞ்சம் இழுக்குது. அந்த அணைஞ்ச விளக்கு ரொம்பப் பழசு. அடுத்த தடவை நான் சாகறப்ப என்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடுங்க. திருத்தித் தர்றேன்."

ஜலஜா புன்னகைத்தாள். புன்னகைத்தபடியே தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

ஆல்பர்ட் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம்... தலையணையிலேர்ந்து கையை எடுங்க. நான் இன்னும் டியூட்டியிலதான் இருக்கேன்!"