இரண்டாம் மைக்கின் பச்சை விளக்கு

"நான் வாயே திறக்கல. அப்புறம் எப்படி என் விளக்கு எரியும்?" என்று அவள் கேட்டது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

"கொட்டாவி விட்டிருப்ப," என்று அவன் சொன்னது நான்காவது வீட்டுக்கும் கேட்டது.

சண்டை ஒரு பொட்டளவு விளக்கைப் பற்றியது. அவன் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். அவள் ஒரு வெந்நீர் ஹீட்டர் கம்பெனிக்காகக் காலை முதல் மாலைவரை போனில் ஏச்சு வாங்குபவள்; வீட்டில் வெந்நீர் வராதவர்களெல்லாம் அவளிடம்தான் கொதிப்பார்கள். மாலை ஏழானால் புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, யாரோ விளையாடும் வீடியோ கேமுக்கு நேரலையில் வர்ணனை சொல்வார்கள். அவன் கத்துவான், அவள் விளக்குவாள். பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி அக்கா.

அவன் சிக்கனம் தெருவே அறிந்தது. மைக் இரண்டும் பழையது. ஒன்று துடைப்பக் கட்டையில் கட்டியிருந்தது, மற்றொன்று துணி மாட்டும் ஹேங்கரில் தொங்கியது. நடுவில், இரண்டு மைக்கின் குரலையும் சேர்த்து அனுப்ப, சோப்புப்பெட்டி அளவில் ஒரு மிக்ஸர். எந்த மைக்கில் குரல் விழுகிறதோ அதன் பச்சை விளக்கு மின்னும். இரண்டும் ஒரே மேஜையில் இருந்ததால் இவன் குரல் அவள் மைக்கிலும் அவள் குரல் இவன் மைக்கிலும் போய் விழுந்து, எல்லாமே இரண்டு தடவை கேட்டது. கிணற்றுக்குள் குடும்பம் நடத்துகிறீர்களா என்று ஒருவன் எழுதிக் கேட்டிருந்தான்.

சனிக்கிழமை, வீடியோ கேம் போட்டிகள் நடத்தும் ஒருவர் கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் வாராவாரம் வேலை. அவளுக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்று: எட்டு மாதமாகப் போனில் எழுதிவைத்து அனுப்பாமலிருக்கும் ராஜினாமாக் கடிதம்.

அதனால்தான், படுக்கையறையில் வீட்டுச் சொந்தக்காரர் விட்டுவைத்திருந்த ஆளுயர மர பீரோவுக்குள் உட்கார்ந்து பேசு என்று அவன் சொன்னபோது, அவள் சிரிக்கக்கூட இல்லை. துணிகள் சத்தத்தைக் குடித்துவிடும், சல்லிக்காசு செலவில்லை என்றான். சரி என்று ஸ்டூலையும், நீள வயரோடு தன் மைக்கையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எட்டு மணிநேரம் அடுத்தவன் கோபத்தைக் காதில் வாங்கியவளுக்கு, இருட்டு ஒன்றும் பெரிய கொடுமையில்லை.

வியாழக்கிழமை முதல் முறை. அந்துருண்டை வாசமும், மழைக்காலத்துக் கோட்டிலிருந்து வந்த நனைந்த நாய் வாசமும், கதவிடுக்கில் நூலளவு வெளிச்சமும், மடியில் போனில் சின்னதாய் ஓடும் ஆட்டமும், காதில் ஹெட்போன் வழியே கணவனின் கத்தலும், அதற்கு நடுவே தன் குரலே தனக்குச் சுத்தமாகத் திரும்பி வருவதும் அவளுக்கு முதலில் சுகமாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் தொங்கிய துணிகள் லேசாக அழுத்தின. சாய்ந்துகொண்டாள். பிறகு தூங்கிவிட்டாள்.

விழித்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. திட்டு வாங்கத் தயாராகி வெளியே வந்தாள். அவனோ முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்குப் பிச்சு உதறிட்ட. இந்த வாயை இத்தனை நாளா எங்க வச்சிருந்த?"

கொட்டாவி அக்கா எழுந்துவிட்டாள் என்று திரையில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில் பேசியிருப்போம் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் குளிக்கப் போனதும், பதிவில் தன் மைக்கை மட்டும் தனியே போட்டுக் கேட்டாள்.

அவள் குரல்தான். ஆனால் களைப்பே இல்லாத குரல். கல்யாணமான புதிதில் இருந்த குரல். ஆட்டத்தை அழகாக விளக்கியது, அவனைக் கிண்டல் செய்தது, கலகலவென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால், தூரத்தில், வேறொன்றும் மைக்கில் விழுந்திருந்தது. சத்தத்தைக் கூட்டினாள்.

மூச்சு. சீரான மூச்சு. நடுநடுவே மெல்லிய குறட்டை.

அவளுடைய குறட்டை.

சொன்னால் நம்புவானா? வெள்ளிக்கிழமை பாதி சொல்லிப் பார்த்தாள்; நான்கு வீட்டுக்குக் கேட்ட சண்டை அதுதான். நாளைக்கு ஒரு நாள் ஒழுங்காக இரு, அப்புறம் எத்தனை பேயை வேண்டுமானாலும் பார்த்துக்கொள் என்றான். கடிதம் போனிலேயே இருந்தது. சனிக்கிழமை ஏழு மணிக்கு மறுபடி உள்ளே போனாள், தூங்கிவிடாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு.

முதல் பத்து நிமிடம் அவளே பேசினாள். இழுத்து இழுத்துத்தான் பேசினாள். எச்சில் விழுங்க நிறுத்தினாள்.

ஹெட்போனில் அவன் சிரித்தான். அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அடிப்பாவி, இப்படியா கவுத்துவ," என்றான் அவன்.

பிறகு அது வந்தது. அவள் குரல். அவள் உதடு மூடியிருக்க. பதில் சொன்னது, அவன் பேச்சை வெட்டியது, சிரித்தது. சிரித்தபோது பின்கழுத்தில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

கழற்றியும் கேட்டது.

கோட்டுகளுக்கு அந்தப் பக்கம். ஒரு முழம் தள்ளி.

கதவைத் தள்ளினாள். சுவரைப் பிடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். அவன் முதுகு. கம்ப்யூட்டர் வெளிச்சம். மேஜையில் மிக்ஸர். இரண்டாவது விளக்கு மின்னியது. அணைந்தது. மின்னியது.

"என்னங்க. நான் இங்க இருக்கேன்."

அவன் திரும்பவில்லை. காதை முழுக்க மூடிய ஹெட்போன். ஆனால் அவள் சொன்னது அவன் மைக்கில் விழுந்திருக்க வேண்டும். கையை உயர்த்தி, பேச்சை நிறுத்தச் சொல்வதுபோல் சைகை செய்தான். மைக்கை நோக்கித் தணிந்த குரலில் சொன்னான்.

"உள்ள யாரோ பேசுற மாதிரி விழுது. பீரோ கதவைச் சாத்திக்கோ."

படுக்கையறையில் பீரோ கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அன்று காலில் செருப்பில்லாமல் தெருவில் நடந்து போனவளை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். இப்போது வேறு ஊரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். வெந்நீர்க் கம்பெனியில் அங்கேயும் அதே வேலை. இங்கே அவனுக்கு வாராவாரம் வேலை கிடைத்தது. அவள் போன பிறகும் ஏழு மணியானால் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெருவில் இரண்டு கட்சி.

போன மாதம் அவனும் பெரிய வீடு பார்த்துப் போய்விட்டான். போகிற அன்று, மைக்குக்குத் துடைப்பக் கட்டையைக் கட்டிய அந்த மனிதன், வீட்டுக்காரர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து பீரோவை வாங்கிக்கொண்டான். படுக்கவைக்கப் போன ஆட்களைத் தடுத்து, நிற்கவைத்தே ஏற்றச் சொன்னான். தூக்கியவர்கள் நான்கு பேர். காலி பீரோவுக்கு இது என்ன கனம் என்று முனகினார்கள். கதவிடுக்கில் மைக் வயர் தொங்கியது.

லாரி கிளம்புமுன் அவன் அந்த இடுக்கில் வாயை வைத்து ஏதோ சொன்னான். காதை வைத்துக் காத்திருந்தான்.

பிறகு சிரித்தான்.