பதினாறாவது எம்.எல்.ஏ.வைக் காணோம்!

ஸ்டேஷன் டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சிந்துஜா எடுத்தாள்.

"மேடம்! என் பொண்டாட்டியக் கடத்திட்டாங்க! எம்.எல்.ஏ. அமிர்தவல்லி, மேடம்!"

சிந்துஜா டீயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மொத்தம் முப்பது தொகுதி. வெற்றிவேல் கூட்டணிக்குப் பதினைந்து. செம்மல் கூட்டணிக்குப் பதினான்கு. மிச்சம் ஒன்று... சுயேச்சை அமிர்தவல்லி! தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுபவள். பதினொரு ஓட்டில் ஜெயித்தவள். நேற்றுதான் வெற்றிவேலுக்கு ஆதரவு என்று அறிவித்தாள். இன்று பன்னிரண்டு மணிக்கு ராஜ்நிவாஸில் கவர்னர் முன்னால் அவள் நேரில் நின்றால் வெற்றிவேல் ஆட்சி.

நிற்காவிட்டால்... ஆள் இழுக்க செம்மலுக்கு அவகாசம்!

மணி பத்தேகால்.

உப்பளத்து வீட்டில் புருஷன் இராமதாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"எப்படி நடந்துச்சு?"

"கார் வரும்னு வாசல்ல நின்னா, மேடம். சத்தம் கேட்டு ஓடியாந்தேன். வெள்ளை வேன்... ரெண்டு பேரு... இழுத்துப் போட்டுக்கினு போயிட்டானுங்க!"

"யார் மேல சந்தேகம்?"

"வெற்றிவேல் ஆளுங்கதான்! இவ மனசு மாறிடுவான்னு பயம். சீக்கிரம் கண்டுபிடிங்க மேடம்... பாவம், அவளுக்குக் குளிரு ஒத்துக்காது!"

சிந்துஜாவின் முதுகில் வியர்வை வழிந்தது. மே மாதம்! ஃபேன்கூட அனலைத்தான் வீசியது.

"ஜீப்புல ஏறுங்க. சேர்ந்தே தேடலாம்."

ஏட்டு ஜமால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "எங்க மேடம்?"

"இந்த வெயில்ல நம்ம ஊர்ல குளிரடிக்கிற இடம் எது ஜமால்?"

"தேங்காய்த்திட்டு ஐஸ் ரூம்!"

இராமதாஸின் முகம் வெளுத்தது.

ஐஸ் ரூம் கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே தடதடவென்று தட்டும் சத்தம்! ஜமால் தாழை இழுத்தார். வெண்புகையோடு வந்து விழுந்தார்கள்...

இரண்டு தடியர்கள்!

"மே... மேடம்! அரெஸ்ட் பண்ணுங்க! வெயில்ல நிக்க வச்சு பண்ணுங்க!"

"அமிர்தவல்லி எங்கடா?"

"அந்தம்மாதான் எங்கள உள்ள வச்சுப் பூட்டிச்சு!" பல் கிடுகிடுக்கச் சொன்னவன் இராமதாஸைப் பார்த்துவிட்டான். "அண்ணே! மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சா போதும்னுதானே சொன்ன?"

இராமதாஸ் ஓடப் பார்த்தான். ஜமாலின் கை அவன் காலரில்!

"எதுக்குய்யா?" என்றாள் சிந்துஜா.

"செம்மல் அய்யா... வாரியத் தலைவர் பதவி தரேன்னாரு, மேடம். எத்தினி நாளைக்கு அமிர்தவல்லி புருஷன்னே சொல்வாங்க?"

"அதுக்கு ஐஸ்ல வைப்பியா?"

ஏலக் கொட்டகையிலிருந்து வந்தாள் அமிர்தவல்லி. பட்டுப்புடவையில் மீன் செதில். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"பத்து வருஷமா இதுல மீன் அடுக்குறேன், மேடம். உள்ளேர்ந்து தொறக்குற கொக்கி எங்கன்னு எனக்குத் தெரியும். காவலுக்கு உள்ள உக்காந்த இவனுங்களுக்குத் தெரியல. நைசா வெளிய வந்து தாழப் போட்டுட்டேன். போனப் புடுங்கிட்டானுங்க... ஆட்டோ பாத்துக்கினு நின்னேன்."

மணி பதினொன்றரை.

"ஜீப் இருக்கு, ஏறுங்கம்மா. ராஜ்நிவாஸ்தானே?"

ஏறினாள். பின்சீட்டில் விலங்கோடு இராமதாஸ் குழைந்தான்.

"அமிர்தம்... இது வீட்டு விஷயம். வெளிய வேணாம். உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாமே!"

அமிர்தவல்லி திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குத்தான்யா... உள்துறை கேட்டிருக்கேன்!"